வலது பக்கப் பெட்டி

பட்டறையைக் கூட்டிக்கொண்டிருந்த மாதையன், சுவரோரம் சாய்த்து வைத்திருந்த ஆஸ்பெஸ்டாஸ் அட்டையைப் பார்த்ததும் துடைப்பத்தைக் கீழே போட்டான். இரண்டடி நீளம், ஒன்றரை அடி அகலம். நாலு மூலையிலும் நாலு ஓட்டை. நேற்று மத்தியானம் அவனே அறுத்து, அவனே ஓட்டை போட்ட அட்டை. இந்நேரம் அது ஒரு வேனுக்கு அடியில் இருந்திருக்க வேண்டும்.

கலசப்பாக்கத்திலிருந்து போளூர் போகிற சாலையில் தகரக் கொட்டகை போட்டு, ஏழு வருஷமாக வெல்டிங் பட்டறை நடத்துகிறவன் அவன். கலப்பைக்குக் கொழு, மாட்டு வண்டிக்கு அச்சு, வீட்டுக்கு ஜன்னல் கம்பி. அவன் ஒட்டினது பிரிந்து வந்தது என்று அந்த வட்டாரத்தில் யாரும் சொன்னதில்லை. நேற்று வந்தது பெரிய வேலை. மலைக்குப் போகிற கண் வைத்திய வேன்.

வேன் என்றால் வெறும் வேன் இல்லை, அது ஒரு வீடு. தபால் இலாகா ஏலத்தில் விட்ட பழைய வண்டியை வாங்கி, உள்ளே மேலும் கீழுமாகப் படுக்கைப் பலகை அடித்து, அடுப்பு வைத்து, தண்ணீர்த் தொட்டி வைத்து, மருந்துக்கு அலமாரி வைத்திருந்தார்கள். ஜவ்வாது மலையில் எந்த ஊரில் தங்க இடம் கிடைக்கும்? அதனால் டாக்டர் கோபால்சாமியும் நர்ஸ் சாந்தம்மாளும் டிரைவர் காசியும் மாதத்தில் பத்து நாள் அந்த வண்டிக்குள்ளேயே குடித்தனம் செய்தார்கள். அறுவை சிகிச்சைக்கு விளக்கு எரிக்க ஜெனரேட்டர் ஒன்று பின்னால் இருந்தது. அதற்கு வேண்டிய பெட்ரோல் கேன் சாந்தம்மாளின் படுக்கைக்குக் கீழே இருந்தது.

"அந்த நாத்தத்துல ராத்திரி பூரா தலைய வலிக்குதுப்பா. கால் நீட்டவும் எடமில்ல. வண்டிக்கு அடியில ரெண்டு பக்கமும் பொட்டி வெச்சிக் குடு. சாமான்லாம் கீழ போய்டும்" என்று அந்த அம்மாள்தான் கேட்டாள்.

மாதையன் வண்டிக்கு அடியில் படுத்து அளவெடுத்தான். நாலடி நீளப் பெட்டி, பக்கத்துக்கு ஒன்று. வலது பக்கம் மட்டும் சைலன்சர் குழாய் பெட்டியிலிருந்து நாலு விரல்கடை தூரத்தில் ஓடியது. அதையும் அவன்தான் பார்த்தான். "நடுவுல அட்டை வெச்சிடறேன், சூடு தாக்காது" என்று காசியிடம் அவன்தான் சொன்னான். அட்டையை மாட்ட ஆங்கிள் இரும்பில் நாலு ஓட்டை போட்டான். அட்டையை அறுத்தான். அப்போது கரண்ட் போனது. திரும்ப வந்தபோது மணி ஐந்து. வலது பக்கக் கதவுக்குக் கீல் பற்றவைக்கவில்லை, பெயிண்ட் அடிக்கவில்லை. காசி நிமிஷத்துக்கு ஒரு தரம் வந்து நின்றான். மாதையன் கீல் வைத்து, சிவப்புப் பெயிண்டை இழுத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு "எடுத்துக்கினு போங்க" என்று சொல்லிவிட்டான். வேன் போனது. அட்டை நின்றுவிட்டது.

பெயிண்ட் காய்வதற்கு முன்பே சாந்தம்மாள் சொன்னது இப்போது அவன் காதில் கேட்டது. "மருந்து சாமான் இடது பக்கம். பெட்ரோல் கேன் வலது பக்கம்."

சமதரையில் ஓடுகிற வண்டி என்றால்கூடத் தாங்கும். மலைப்பாதையில் முதல் கியரில் முனகிக்கொண்டு ஏறும்போது அந்தக் குழாய் கொல்லன் உலையில் வைத்த கம்பி மாதிரி ஆகிவிடும். நாலு விரல்கடை தூரத்தில் ஒரு கேன் பெட்ரோல். அதற்கு நேர் மேலே படுக்கை.

வேன் காலை ஆறு மணிக்குப் புறப்படும் என்று காசி சொல்லியிருந்தான். இப்போது எட்டு.

கூழ்ச் சட்டியோடு உள்ளே வந்த அவன் மனைவி வடிவு, அவன் நின்ற நிலையைப் பார்த்துச் சட்டியைக் கீழே வைத்தாள். "இன்னாய்யா ஆச்சி? மூஞ்செல்லாம் வெளுத்துக் கீது?"

சொன்னான். வார்த்தை கோர்வையாக வரவில்லை. ஆனாலும் அவளுக்குப் புரிந்துவிட்டது. வாசலை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"இத யார்கிட்டயும் சொல்லாத. ஒண்ணும் ஆவாது. அப்பிடி எதுனா ஆனாலும் வண்டி கோளாறுன்னுதான் சொல்லுவாங்க. அந்த அட்டைய எடுத்து அடுப்புல போடு."

"அது எரியாது, வடிவு."

"அப்ப கெணத்துல போடு! நீ ஜெயிலுக்குப் போனா நானும் பொண்ணுங்களும் எங்க போறது?"

அவள் கெட்டவள் இல்லை. பயத்தில் பேசினாள். மாதையனும் அரை நிமிஷம் அவள் சொன்னபடியே யோசித்தான் என்பதை மறைப்பதில் பயனில்லை. அட்டையைக் கையில்கூட எடுத்துவிட்டான். கிணறு கொட்டகைக்குப் பின்னால்தான். நாலு எட்டு வைத்திருந்தால் போய்ச் சேர்ந்திருப்பான். ஆனால் கை அந்த நாலு ஓட்டைகளைத் தடவியபோது, வேனுக்கு அடியில் ஆங்கிளில் காலியாக இருக்கிற மற்ற நாலு ஓட்டைகள் கண்முன் வந்தன. அட்டையைக் கிணற்றில் போடலாம். அந்த ஓட்டைகளை எதில் போடுவது?

"நான் போய்ட்டு வந்துடறேன்" என்றான். போல்ட்டு நாலு, ஸ்பேனர் ஒன்று, கட்டுக்கம்பி கொஞ்சம். மடியில் போட்டுக்கொண்டு அட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஓடினான்.

முதலில் தபாலாபீஸ். மலைமேலிருக்கிற ஜமுனாமரத்தூருக்குப் போன் போட முடியுமா என்று கேட்டான். மலை லைன் மூன்று நாளாகச் செத்துக் கிடக்கிறது என்றார் போஸ்ட்மாஸ்டர். பஸ் பதினொரு மணிக்கு. பக்கத்தில் பஞ்சர் கடை தேவராஜிடம் ஒரு ராஜ்தூத் மோட்டார் சைக்கிள் இருந்தது. மாதையன் கை கூப்பியதைப் பார்த்து, அவன் என்ன ஏது என்று கேட்காமலே உதைத்துக் கிளப்பினான்.

போளூர் பெட்ரோல் பங்கில் நிறுத்தி விசாரித்தார்கள்.

"கண்ணு டாக்டர் வேனா? கடைவீதியில அரிசி பருப்பு வாங்கிக்கினு இங்க வந்தாங்க. டீசல் போட்டாங்க. கேன்லயும் பெட்ரோல் புடிச்சாங்க" என்றான் பம்பு பிடிக்கிறவன்.

"எவ்ளோ?"

"கழுத்து வரைக்கும். அந்த டிரைவரு மூடி சரியா மாட்டலன்னு திட்டிக்கினே மாட்டனாரு. போய் முக்கா மணி நேரம் இருக்கும்."

கழுத்து வரைக்கும் பிடித்த பெட்ரோல் சூடு ஏறினால் போக இடமில்லாமல் மூடி வழியாகத்தான் வரும். வந்து பெட்டிக்குள் தேங்கும். மழைத் தண்ணீர் தங்கக்கூடாது என்று பெட்டி அடியில் வடிகால் ஓட்டை வேறு போட்டிருந்தான், அதுவும் அவன்தான்.

அத்திமூர் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் தேவராஜ் பின்னால் திரும்பிக் கத்தினான். "டேய் மாதையா, என் தோளப் பேத்துடாத! வலிக்குதுடா!" தான் அவன் தோளை இறுக்கிப் பிடித்திருப்பதே மாதையனுக்கு அப்போதுதான் தெரிந்தது. ஒவ்வொரு வளைவிலும் அவன் கண்ணை மூடினான். மூடினால் நெருப்பு தெரிந்தது. திறந்தால் பள்ளம் தெரிந்தது.

ஐந்தாவதோ ஆறாவதோ வளைவில் எதிர் மலைச்சரிவில் புகையைப் பார்த்தான். கருப்பும் வெள்ளையுமாகச் சுருண்டு மேலே போய்க்கொண்டிருந்தது.

"தேவராஜு... நிறுத்து."

இரண்டு பேரும் இறங்கி நின்றார்கள். மாதையன் ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டான். போயிற்று. மூன்று பேர். டாக்டர் அந்த அம்மாளை 'சாந்தா' என்று கூப்பிட்டது, காசி கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு பட்டறை வாசலில் நின்றது, எல்லாம் நேற்று. அவன் வாயைப் பொத்திக்கொண்டான்.

தலையில் புளி மூட்டையோடு ஒரு மலைக்காரப் பெண் இறங்கி வந்தாள். இவர்கள் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டு அவளும் நின்றாள்.

"அது காடு கொளுத்தறாங்க. சாமை வெதைக்க. மூணு நாளா எரியுது" என்றாள்.

"வேனு... மேல ஒரு வேனு பாத்தியா தாயி?"

"பெரிய வண்டிதானே? மேல ரெண்டு மொடக்குத் தாண்டி நிக்குது. பாவம், மூச்சு முட்டிப்போய் நிக்குது. பக்கத்துல வந்தப்ப ஒரே நாத்தம்."

"இன்னா நாத்தம்?"

அவள் மூக்கைச் சுளித்தாள். "கருகற நாத்தம். பஸ்சுல வருமே, அந்த எண்ணெ நாத்தமும்."

மாதையன் வண்டியில் ஏறி உட்காரவில்லை, விழுந்தான். ஆனால் இரண்டு பேரை அந்த ஏற்றத்தில் இழுத்து இழுத்து ராஜ்தூத்தும் களைத்துப் போயிருந்தது. அடுத்த வளைவிலேயே இருமி நின்றுவிட்டது. தேவராஜ் உதைத்தான், உதைத்தான். ஒன்றும் நடக்கவில்லை.

மாதையன் அண்ணாந்து பார்த்தான். நேர் மேலே, அடுத்த மடிப்பில், மரங்களுக்கு நடுவே வேனின் வெள்ளை முதுகு தெரிந்தது. முன்பக்கம் மூடியைத் திறந்து வைத்திருந்தார்கள். ஆவி பறந்தது. ரேடியேட்டர் கொதித்து நிறுத்தியிருக்கிறார்கள். "காசியண்ணே!" என்று கத்தினான். காற்று அதை வாங்கிப் பள்ளத்துக்குக் கொண்டுபோயிற்று.

மலைக்காரர்கள் வளைவுக்கு வளைவு குறுக்கே ஏறுகிற ஒற்றையடிப் பாதை ஒன்று இருந்தது. அட்டையை இடுக்கிக்கொண்டு அதில் ஏறினான். கால் சறுக்கியது. முள் கிழித்தது. ஒரு கையால் வேரைப் பிடித்தும் கல்லைப் பிடித்தும் ஏறினான். அட்டையைத் தூக்கி எறிந்திருந்தால் சுலபமாக ஏறியிருக்கலாம். அது தோன்றவேயில்லை. பாதி ஏறியதும் பெட்ரோல் வாசனை மூக்கில் அடித்தது. மோந்து பார்த்தான். மனப்பிரமை இல்லை. பெட்ரோல்தான்.

சாலை விளிம்பில் தலை தெரிந்ததும் அவன் கண்டது இது. பின்சக்கரங்களுக்குக் கல் கொடுத்து வேன் நின்றிருந்தது. முன்பக்கத்தில் டாக்டர் குனிந்து ரேடியேட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாந்தம்மாள் ரோட்டில் மண்ணெண்ணெய் ஸ்டவ்வை வைத்து டீக்குத் தண்ணீர் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தாள். ஸ்டவ் நீலமாக எரிந்தது. காசி வலது பக்கப் பெட்டியில் முதுகைச் சாய்க்கப் போய், சூடு தாங்காமல் தள்ளி உட்கார்ந்து, பீடியை வாயில் வைத்துத் தீப்பெட்டியைத் தட்டிக்கொண்டிருந்தான். பெட்டியின் அடியிலிருந்து சொட்டு சொட்டாக ஏதோ விழுந்தது. மண்ணில் ஒரு கையகலத்துக்குக் கருப்பாக நனைந்திருந்தது. ராவும் பகலும் அந்த நாற்றத்திலேயே கிடந்தவர்களுக்கு அது உறைக்கவில்லை.

அட்டையைக் கீழே போட்டான். ஓடிப்போய்க் காசியின் கையைத் தட்டினான். தீப்பெட்டி பறந்து பள்ளத்தில் விழுந்தது. பீடியும் போனது. ஸ்டவ்வைக் காலால் உதைத்தால் நெருப்பு உருளும் என்று அந்த நேரத்திலும் தோன்றியது. சட்டென்று தண்ணீர்ப் பாத்திரத்தை எடுத்து அதன்மேல் கவிழ்த்தான். சாந்தம்மாள் அலறி எழுந்தாள்.

"பைத்தியமா உனக்கு?" என்று காசி அவன் சட்டையைப் பிடித்தான். பிறகுதான் ஆளைப் பார்த்தான். "டேய், நீ வெல்டரு..."

"பெட்ரோலு" என்றான் மாதையன். "பொட்டியில... பெட்ரோலு. எல்லாரும் தள்ளிப் போங்க. அட்டை வைக்க மறந்துட்டேன். தள்ளிப் போங்க!"

மூன்று பேரும் ஒரே சமயம் கீழே பார்த்தார்கள். டாக்டர்தான் முதலில் புரிந்துகொண்டார். சாந்தம்மாளின் கையைப் பிடித்து மேட்டுப் பக்கம் இழுத்தார். அவள் நடுவழியில் உதறிக்கொண்டாள்.

"ஐயோ, உள்ள அந்தப் பொண்ணு!"

வழியில் ஏற்றிக்கொண்ட மலைக்காரப் பெண், சின்னக்குழந்தை என்று பேர், நிறைமாதக்காரி. நடக்க முடியாமல் உட்கார்ந்திருந்தவளை ஏற்றிப் படுக்க வைத்திருந்தார்கள். வலது பக்கப் படுக்கையில், பெட்டிக்கு நேர் மேலே. காசியும் சாந்தம்மாளும் உள்ளே ஏறினார்கள். வேன் ஆடியது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பெட்டியிலிருந்து இரண்டு சொட்டு அதிகமாக விழுந்ததை மாதையன் பார்த்தான். தூக்கத்திலிருந்து எழுந்த அந்தப் பெண் எதற்கு இழுக்கிறார்கள் என்று தெரியாமல் படுக்கைச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "எறங்கு தாயி, எறங்கு, ஒண்ணுமில்ல" என்று சாந்தம்மாள் சொல்வது கேட்டது. ஒண்ணுமில்லை என்கிற குரலா அது? கடைசியில் காசி அவளைக் கைக்குழந்தையைப் போலத் தூக்கிக்கொண்டு இறங்கினான்.

இனி கேன். மாதையன் பெட்டிக்கு முன்னால் மண்டிபோட்டான். அவன் அடித்த சிவப்புப் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. உள்ளேயிருந்து 'ஸ்ஸ்' என்று மெல்லிய சத்தம். மூடி வழியாக ஆவி வருகிற சத்தம். இன்ஜின் நின்றிருந்தாலும் குழாயின் சூடு அவன் கன்னத்தில் அடித்தது. ரேடியேட்டரில் ஊற்ற வைத்திருந்த வாளித் தண்ணீரில் ஒரு சாக்கை நனைத்து, அதை வைத்துக் கதவின் கொக்கியை இழுத்தான். வரவில்லை. சூட்டில் தகடு நெளிந்து கொக்கியைக் கவ்விக்கொண்டிருந்தது.

"சுத்தியல் தரட்டா?" என்று மேட்டிலிருந்து காசி கேட்டான்.

"வேணாம்! இரும்பு கிட்ட கொண்டாராத!"

இரும்போடு இரும்பு உரசினால் பொறி பறக்கும். பொறியிலேயே பிழைப்பு நடத்துகிறவனுக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. மடியிலிருந்த ஸ்பேனரையும் போல்ட்டுகளையும் மெதுவாக எடுத்துத் தூரப் புல்லில் போட்டான். ஒரு கிளையை ஒடித்துக் கதவிடுக்கில் கொடுத்து நெம்பினான். கிளை முறிந்தது. இன்னொன்று ஒடித்தான். ஓடிவிடலாம் என்று கால்கள் சொல்லிக்கொண்டே இருந்தன. இரண்டு தடவை எழுந்தும் விட்டான். எழுந்து, மூச்சு விட்டு, மறுபடி மண்டிபோட்டான்.

கதவு திறந்துகொண்டது. ஆவி முகத்தில் அறைந்தது, கண் எரிந்தது. கேன் நாலு பக்கமும் உப்பி, உருண்டையாக உட்கார்ந்திருந்தது. மூடியைத் தொடவில்லை. ஈரச் சாக்கை அதன்மேல் போர்த்தி, இரண்டு கையாலும் அணைத்து இழுத்தான். சாக்கைத் தாண்டி உள்ளங்கை பொசுங்கியது. விடவில்லை. மார்போடு தூக்கிக்கொண்டு நடந்தான். ஓடக்கூடாது. தடுக்கக்கூடாது. ஒவ்வொரு அடியையும் வாய்விட்டு எண்ணினான் என்று பிறகு காசி சொன்னான், அவனுக்கு நினைவில்லை. வளைவு தாண்டி, ஒரு பாறை நிழலில் வைத்தான். டாக்டர் ஒரு குடம் தண்ணீரோடு வந்து சாக்கின்மேல் ஊற்றினார். சத்தம் மெல்ல மெல்ல அடங்கியது.

அதற்கப்புறம் மாதையன் பாறையோரம் குந்தி வாந்தி எடுத்தான்.

காசி வந்து அவனைத் தூக்கி நிறுத்தி, கன்னத்தில் ஓங்கி ஒரு அறை கொடுத்தான். "நாலு உசுருடா! வவுத்துல ஒண்ணு, அஞ்சி உசுரு!"

"ஆமாண்ணே" என்றான் மாதையன்.

"காசி, போதும்" என்றார் டாக்டர். மாதையனின் உள்ளங்கைகளை விரித்துப் பார்த்தார். சாந்தம்மாள் மருந்து தடவித் துணி சுற்றினாள்.

"நேத்து ராத்திரியே தெரியுமா உனக்கு?" என்று கேட்டாள்.

"இல்லீங்கம்மா. காலைல எட்டு மணிக்கு. அட்டையப் பாத்தப்புறம். அப்பவும் உடனே வர்ல. கொஞ்ச நேரம் நின்னுட்டேன்."

அவள் அவனை ஏறிட்டுப் பார்த்தாள். முடிச்சை இறுக்கிப் போட்டாள்.

குழாய் ஆறட்டும் என்று ஒரு மணி நேரம் காத்திருந்தார்கள். நனைந்த மண்ணைக் காசி வாரிப் பள்ளத்தில் கொட்டினான். தேவராஜ் ராஜ்தூத்தைத் தள்ளிக்கொண்டே வந்து சேர்ந்தான். பிறகு மாதையன் வண்டிக்கு அடியில் போக வேண்டியிருந்தது. தினமும் பத்துத் தடவை வண்டிக்கு அடியில் படுக்கிறவன், அன்றைக்கு முதுகு தரையில் பட்டதும் மூச்சு நின்றவன் போல வெளியே வந்துவிட்டான். மறுபடி போனான். துணி சுற்றிய கையில் ஸ்பேனர் நிற்கவில்லை. காசிதான் பக்கத்தில் வந்து படுத்து, அட்டையைத் தாங்கிப் பிடித்தான். நாலு போல்ட்டும் ஏறியது.

"கேன இனிமே இடது பக்கம் வெச்சிக்குங்க. கால்வாசி குறைச்சிப் புடிங்க" என்றான் மாதையன். "நான் எறங்கிப் போய்டறேன்."

"எங்க போறே?" என்றான் காசி. "நீயும் ஏறு. பொட்டி செஞ்சது நீ. ஊர் போய்ச் சேர்ற வரைக்கும் அது மேல நீ குந்திக்கினு வா."

யாரும் அதை மறுக்கவில்லை. வீட்டில் சொல்லிவிடச் சொல்லித் தேவராஜைக் கீழே அனுப்பிவிட்டு, மாதையன் ஏறினான். சின்னக்குழந்தையை இடது பக்கம் மாற்றிப் படுக்க வைத்தார்கள். அவன் வலது பக்கத் தரைப்பலகையில் உட்கார்ந்து, துணியிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்த விரல் நுனிகளைப் பலகையில் வைத்தான். வேன் முனகிக்கொண்டு ஏறியது. ஒவ்வொரு வளைவிலும் பலகை சுடுகிறதா என்று விரல் தேடியது. சுடுவது போலவும் இருந்தது, சுடாதது போலவும் இருந்தது.

"சூடு ஏறுதா?" என்று சாந்தம்மாள் கேட்டாள்.

"இல்லீங்கம்மா."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டாள். மறுபடியும் இல்லை என்றான். அப்படியே பத்துப் பன்னிரண்டு தடவை. மேலே சமதரை வந்து, சாமைக் காடுகளும் புளிய மரங்களும் தெரிந்து, ஒரு பள்ளிக்கூடத்துக்கு முன்னால் வேன் நின்றபோது, அங்கே கண்ணில் கட்டும் கையில் கோலுமாக முப்பது நாற்பது பேர் காலையிலிருந்து காத்திருந்தார்கள். டாக்டர் இறங்கி அவர்களிடம் போனார். சின்னக்குழந்தையைச் சாந்தம்மாள் கைத்தாங்கலாக இறக்கினாள்.

மாதையன் கடைசியாக இறங்கினான். யாரோ சொம்பில் தண்ணீர் நீட்டினார்கள். அதை வாங்கவில்லை. நேரே வலது பக்கம் போய், மண்ணில் குப்புறப் படுத்து, வண்டிக்கு அடியில் கையை விட்டுப் பெட்டியின் அடித்தகட்டைத் தொட்டான். வெதுவெதுப்பாக இருந்தது, வெயிலில் நின்ற தகரம் இருக்குமே, அவ்வளவுதான். அப்படியும் நம்பாமல், தகட்டில் கன்னத்தை வைத்துப் பார்த்தான்.